ஸ்ரீவைகுண்டத்தில் நின்ற ரயிலும் வானத்தின் கணக்கும்

1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி நள்ளிரவு. பாம்பனில் இருந்து தனுஷ்கோடிக்கு ஒரு ரயில் போய்க்கொண்டிருந்தது. ஊரை நெருங்கும் வேளையில் புயலும் பேரலையும் சேர்ந்து வந்தன. ரயில் கடலுக்கு இரையாயிற்று. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

59 ஆண்டுகள் சென்றன. அதே டிசம்பர் மாதம். அதே மன்னார் வளைகுடாக் கரை. 2023 டிசம்பர் 17ஆம் தேதி இரவு, திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குப் புறப்பட்ட எக்ஸ்பிரஸ் ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு அப்பால் தண்டவாளத்தின் அடியில் இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. மேலே இரும்புப் பாதை மட்டும் அந்தரத்தில் தொங்கியது.

ரயிலில் சுமார் 800 பயணிகள். குழந்தைகள், முதியவர்கள், கோவிலுக்கு வந்து திரும்பிய குடும்பங்கள். சுமார் 300 பேர் பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போகப்பட்டனர். மற்றவர்கள் நிலையத்திலேயே தங்கினார்கள். சுற்றிலும் தண்ணீர். பக்கத்துக் கிராமத்து மக்கள் சோறு சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஹெலிகாப்டர்கள் வந்து உணவுப் பொட்டலங்களைப் போட்டன. 19ஆம் தேதி பயணிகள் மீட்கப்பட்டார்கள்.

தனுஷ்கோடி ரயில் போயிற்று. ஸ்ரீவைகுண்டம் ரயில் பிழைத்தது. மனிதர்கள் விழிப்பாக இருந்ததால் பிழைத்தது. இது பெருமைப்பட வேண்டிய சங்கதி.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அந்த ரயில் அன்று இரவு திருச்செந்தூரை விட்டுப் புறப்பட்டிருக்க வேண்டுமா? வானம் என்ன செய்யப் போகிறது என்பது முன்னதாகவே தெரிந்திருக்க முடியாதா?

இரண்டு அடி மழை

முதலில் மழையின் அளவைப் பார்ப்போம். டிசம்பர் 18ஆம் தேதி காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் பெய்த மழை 62 சென்டி மீட்டர். திருச்செந்தூரில் 69. காயல்பட்டினத்தில் 95!

62 சென்டி மீட்டர் என்றால் இரண்டு அடி. பெய்த தண்ணீர் ஓடாமல் நின்றிருந்தால் முழங்காலுக்கு மேல் நிற்கும். ஒரு ஏக்கர் நிலத்தில் மட்டும் விழுந்தது 25 லட்சம் லிட்டர். ஓர் ஆண்டு முழுவதும் பெய்ய வேண்டிய மழை, ஒரு பகலும் ஓர் இரவும் சேர்வதற்குள் கொட்டித் தீர்த்துவிட்டது.

அது புயலும் அல்ல. துறைமுகத்தில் கூண்டு ஏற்றிச் சொல்லுகிற காற்று அல்ல. குமரிக் கடலுக்கு மேலே காற்று ஒரு சுழலாகச் சுற்றியது. வானிலை நிபுணர்கள் அதைக் 'காற்றுச் சுழற்சி' என்கிறார்கள். அது கடலின் ஈரத்தை வாரி வாரிக் கரையில் கொட்டியது.

தாமிரபரணியில் வெள்ளம் புரண்டது. மலை அணைகளின் உபரி நீரும் அதில் சேர்ந்தது. குளங்கள் உடைந்தன. தூத்துக்குடி நகருக்குள் தண்ணீர் புகுந்து பல நாள் வடியவில்லை. தென் மாவட்டங்களில் 30க்கும் மேற்பட்டோர் உயிர் இழந்தனர்.

யார் சொன்னது சரி?

தண்ணீர் வடிவதற்குள் சொற்போர் தொடங்கிவிட்டது. 'கனமழை வரும் என்று 12ஆம் தேதியே சொல்லியாயிற்று' என்றது மத்திய அரசாங்கம். 'சொன்னதைவிடப் பல மடங்கு பெய்துவிட்டதே' என்றது மாநில அரசாங்கம்.

எது உண்மை? இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல என்பதே உண்மை.

வானிலை நிலையத்தின் அளவுகோலைப் பாருங்கள். ஒரு நாளில் சுமார் ஆறரை சென்டி மீட்டர் பெய்தால் 'கனமழை'. பதினொன்றரைக்கு மேல் போனால் 'மிக கனமழை'. இருபதரையைத் தொட்டால் 'அதி கனமழை'. அதற்கு மேல் படி கிடையாது. 21 சென்டி மீட்டர் பெய்தாலும் அதி கனமழைதான். 95 பெய்தாலும் அதி கனமழைதான். இரண்டுக்கும் ஒரே பெயர்.

21 சென்டி மீட்டர் என்றால் தெருவில் தண்ணீர் நிற்கும். 95 என்றால் தெருவே இருக்காது. ஒரே சொல்லைக் கேட்டு ஒரு குடும்பம் எப்படி முடிவு செய்யும்? ஒரு ரயில் நிலைய அதிகாரி எப்படி முடிவு செய்வார்? அணையைக் காக்கும் என்ஜினீயர் எவ்வளவு தண்ணீரை முன்கூட்டித் திறந்துவிடுவார்?

எனவே கேட்க வேண்டிய கேள்வி 'யார் தவறு செய்தார்?' என்பது அல்ல. 'வானிலைக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது? அதில் எவ்வளவு உறுதி, எவ்வளவு சந்தேகம்? அந்தச் சந்தேகம் மக்களிடம் சொல்லப்படுகிறதா?' என்பதே.

தண்டலின் கணக்கு

இதைப் புரிந்துகொள்ளத் தூத்துக்குடிக் கடலுக்கே போகலாம்.

தூத்துக்குடித் தோணிகள் பாய் விரித்துக் கொழும்புக்குப் போய் வந்த காலம். தோணியின் தலைவருக்குத் தண்டல் என்று பெயர். இரவு நேரம். கரை தெரியவில்லை. தோணி எங்கே இருக்கிறது என்று தண்டலுக்கு எப்படித் தெரியும்?

அவர் மனத்துக்குள் ஒரு கணக்கு ஓடும். 'புறப்பட்டு இத்தனை நேரம் ஆயிற்று. காற்று இந்தத் திசை. வேகம் இவ்வளவு. ஆகவே கரைக்கு இன்னும் 20 மைல்.' இது கணக்கு.

அப்போது தூரத்தில் கலங்கரை விளக்கின் ஒளி மங்கலாகத் தெரிகிறது. அதைப் பார்த்தால் 15 மைல்தான் இருக்கும்போலத் தோன்றுகிறது. இது கண்ணால் கண்டது.

கணக்கு 20 என்கிறது. கண் 15 என்கிறது. எதை நம்புவது?

அனுபவம் இல்லாதவன் ஒன்றைத் தூக்கி எறிந்துவிடுவான். நல்ல தண்டல் அப்படிச் செய்யமாட்டார். இரண்டையும் எடை போடுவார். இரவெல்லாம் ஓடிய கணக்கில் பிழை சேர்ந்திருக்கும். அதைக் கொஞ்சம் தள்ளு. விளக்கு பனியில் மங்கித் தெரிகிறது. அதையும் முழுக்க நம்பாதே. இரண்டுக்கும் நடுவே, எது உறுதியோ அதன் பக்கமாகச் சாய்ந்து ஒரு முடிவுக்கு வருவார். பிறகு அந்த இடத்தில் இருந்து கணக்கை மறுபடியும் ஓட்டுவார்.

இன்று உலகத்தின் பெரிய பெரிய வானிலை நிலையங்கள் எல்லாம் செய்வது இதைத்தான். விஞ்ஞானிகள் இதற்கு நீளமான பெயர் வைத்திருக்கிறார்கள். எளிய தமிழில் சொன்னால், 'கண்டதைக் கணக்கோடு சேர்த்தல்'.

எடை போட ஒரு வழி

எந்தப் பக்கம் எவ்வளவு சாய வேண்டும் என்பதற்கு ஒரு சூத்திரம் உண்டு. 1960ஆம் ஆண்டில் அதை வெளியிட்டவர் ருடால்ஃப் கால்மன். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். சந்திரனுக்கு மனிதர்களைக் கொண்டுபோன அப்போலோ விண்கலங்கள் வழி தவறாமல் சென்றதற்கு அவருடைய முறையும் ஒரு காரணம்.

தண்டலின் கணக்கில் 4 மைல் பிழை இருக்கலாம். விளக்கைப் பார்த்துச் சொன்னதில் 2 மைல் பிழை இருக்கலாம். கணக்கின் பிழை இரண்டு மடங்கு. அப்படியானால் விளக்குக்கு இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது சூத்திரம். பிழையை அதே பிழையால் பெருக்கித்தான் எடை போட வேண்டும். ஆக ஐந்து பங்கில் நான்கு பங்கு விளக்குக்கு. ஒரு பங்கு கணக்குக்கு. 20க்கும் 15க்கும் நடுவே கிடைக்கும் விடை 16 மைல்.

இது ஒரு தோணிக்கு எளிது. வானத்துக்கு?

கோடிக்கணக்கான பெட்டிகள்

விஞ்ஞானிகள் உலகத்தின் வானத்தைப் பெட்டி பெட்டியாகப் பிரிக்கிறார்கள். ஒரு பெட்டியின் நீளமும் அகலமும் 12 கிலோ மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உலகம் முழுவதையும் மூட 35 லட்சம் பெட்டிகள் வேண்டும். அவற்றின் மேல் அடுக்கடுக்காக வானம் உயரும் வரை பெட்டிகள். மொத்தம் பல கோடி! ஒவ்வொரு பெட்டியிலும் வெப்பம் எவ்வளவு, காற்று எந்தப் பக்கம், ஈரம் எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு என்று தெரிய வேண்டும். தெரிந்தால்தான் கம்ப்யூட்டர் என்னும் யந்திர மூளை நாளைய வானத்தைக் கணக்குப் போட முடியும்.

இவ்வளவு பெட்டிகளிலும் யார் போய் அளப்பது?

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பார்கள். சோற்றுக்கு அது சரி. பானை முழுவதும் ஒரே தீயில் வேகிறது. வானம் அப்படி வேகுவதில்லை. காயல்பட்டினத்துக்கும் திருச்செந்தூருக்கும் நடுவே பத்து கிலோ மீட்டர்கூட இல்லை. ஆனால் அன்று பெய்த மழையில் வித்தியாசம் 26 சென்டி மீட்டர்!

முத்துக் குளித்த காலத்தில் இந்தக் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. 1960களின் தொடக்கத்தோடு முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. அதற்கு முன்னே, குளிப்பு அறிவிக்கும் முன்பாகக் கடலடிப் பார்களைச் சோதிப்பார்கள். மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பிகளை எடுத்து வரச் செய்வார்கள். உடைத்து, முத்தை மதிப்பிட்டு, இந்த ஆண்டு குளிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். கடலடி முழுவதையும் யாரும் பார்த்ததில்லை. பார்த்தது கொஞ்சம், மற்றது பார்களைப் பற்றிய பழைய அறிவு.

வானத்துக்கும் அப்படித்தான். தினம் இரண்டு முறை, இந்திய நேரப்படி காலை 5.30 மணியை ஒட்டியும் மாலை 5.30 மணியை ஒட்டியும், உலகெங்கும் நூற்றுக்கணக்கான இடங்களில் இருந்து பலூன்கள் மேலே விடப்படுகின்றன. சென்னையில் இருந்தும் காரைக்காலில் இருந்தும் திருவனந்தபுரத்தில் இருந்தும் பலூன் ஏறுகிறது. அதில் கட்டிய சிறு கருவி வானத்தின் வெப்பத்தையும் ஈரத்தையும் அளந்து ரேடியோ மூலம் கீழே சொல்லுகிறது. கப்பல்கள் சொல்லுகின்றன. கடலில் நங்கூரம் போட்ட மிதவைகள் சொல்லுகின்றன. ஆகாய விமானங்கள் சொல்லுகின்றன. இன்சாட் போன்ற செயற்கைக்கோள்கள் மேலிருந்து பார்த்துச் சொல்லுகின்றன.

இத்தனை இருந்தும் வானத்தில் காலி இடமே அதிகம். அந்தக் காலி இடத்தைக் கணக்கு நிரப்புகிறது. ஆறு மணி நேரத்துக்கு முன் போட்ட கணக்கு, 'இந்நேரம் வானம் இப்படி இருக்கும்' என்று ஒரு படம் கொடுக்கிறது. புதிதாக வந்த அளவுகளைக் கொண்டு அந்தப் படத்தைத் திருத்துகிறார்கள். திருத்திய படத்தில் இருந்து கணக்கு மறுபடியும் ஓடுகிறது. ஆறு மணி நேரம் கழித்து மறுபடியும் திருத்தம். ஒரு நாளைக்கு நான்கு முறை!

ஒருவர் போதாது

இங்கேதான் ஒரு சிக்கல். கணக்கில் எவ்வளவு பிழை இருக்கிறது என்று தெரிந்தால்தானே எடை போட முடியும்? அதை யார் சொல்வார்?

1961ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எட்வர்ட் லோரன்ஸ் என்ற விஞ்ஞானி கம்ப்யூட்டரில் ஒரு சின்ன வானிலைக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் அதே கணக்கை மறுபடியும் ஓட்டினார். நீளமான எண்ணைச் சுருக்கி, 0.506127 என்பதற்குப் பதில் 0.506 என்று கொடுத்தார். மயிரிழை வித்தியாசம். காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் விடையே வேறாக இருந்தது!

தொடக்கத்தில் மயிரிழை பிசகினால் முடிவில் மலையளவு பிசகும். வானத்தின் குணம் அது. ஆகவே ஒரே ஒரு கணக்கை நம்புவது ஆபத்து.

மறுபடியும் தோணிக்கு வருவோம். ஒரு தண்டலுக்குப் பதில் பத்துத் தண்டல்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் காற்றைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லுகிறார். ஒருவர் கொஞ்சம் குறைத்துச் சொல்லுகிறார். ஒருவர் நீரோட்டம் வேகம் என்கிறார். ஒவ்வொருவரும் தனித்தனியே கணக்குப் போடுகிறார்கள். பத்துப் பேரும் 19க்கும் 21க்கும் நடுவே சொன்னால் கணக்கை நம்பலாம். ஒருவர் 12 என்று சொல்லி இன்னொருவர் 28 என்று சொன்னால், 'கணக்கு தடுமாறுகிறது, விளக்கைப் பார்' என்று பொருள்.

பத்துப் பேரின் விடைகள் எவ்வளவு சிதறுகின்றனவோ அவ்வளவு சந்தேகம். இவ்வளவுதான் சூட்சுமம். இந்தப் பலர் கணக்கைக் கால்மனின் சூத்திரத்தோடு சேர்த்து 1994ஆம் ஆண்டில் ஒரு முறையாக்கியவர் நார்வே நாட்டின் கெயிர் எவென்சன்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. விளக்கைப் பார்த்ததும் தோணி எண்ணியதைவிடக் கரைக்குப் பக்கத்தில் இருப்பது தெரிகிறது. பத்துப் பேரில் பக்கமாகச் சொன்னவர்கள் யார்? நீரோட்டம் வேகம் என்று சொன்னவர்கள். அப்படியானால் நீரோட்டமும் வேகமாகத்தான் இருக்க வேண்டும்! விளக்கு நீரோட்டத்தைக் காட்டவில்லை. ஆனாலும் நீரோட்டம் தெரிந்துவிட்டது. இதே வழியில்தான், செயற்கைக்கோள் அளந்த ஈரத்தில் இருந்து அது அளக்காத காற்றையும் திருத்த முடிகிறது.

ஆனால் எச்சரிக்கையும் வேண்டும். மணப்பாட்டு விளக்கைப் பார்த்துவிட்டு பம்பாய்க் காற்றைப் பற்றி முடிவு செய்யக் கூடாது. பத்தே பேரின் பேச்சில் தற்செயலாகச் சில பொருத்தங்கள் தோன்றும், அவை பொய். ஆகவே ஒவ்வோர் அளவும் தன் அக்கம்பக்கத்தை மட்டும் திருத்தும்படி விஞ்ஞானிகள் எல்லை போட்டுவிடுகிறார்கள்.

இன்னோர் ஆபத்து இதைவிடப் பெரியது. பத்துப் பேரும் நாள்தோறும் கூடிப் பேசிப் பேசி ஒரே குரலாகிவிடலாம். அப்போது அவர்கள் விளக்கைப் பார்ப்பதையே நிறுத்திவிடுவார்கள். 'எங்களுக்குத் தெரியாததா?' என்பார்கள். கணக்கு பாறையில் மோதும். இதைத் தடுக்க விஞ்ஞானிகள் வேண்டுமென்றே அவர்களுக்குள் கொஞ்சம் கருத்து வேற்றுமையைக் கூட்டி வைக்கிறார்கள். எல்லோரும் ஒரே மாதிரி சொல்வதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்பது கணக்குக்கும் பொருந்தும், ஊருக்கும் பொருந்தும்.

நம் நாட்டில்

இந்த முறைகள் வெளிநாட்டில் மட்டும் இருப்பவை அல்ல. 1875ஆம் ஆண்டில் தோன்றிய இந்திய வானிலைத் துறை, 2018 ஜூன் முதல் 12 கிலோ மீட்டர் பெட்டிகளைக் கொண்ட 'பலர் கணக்கை' ஓட்டத் தொடங்கியது. ஒரே நாளின் வானத்தை 21 விதமாகத் தொடங்கி 21 விடைகளைப் பார்க்கும் முறை அது. நொய்டாவில் உள்ள தேசிய வானிலை முன்னறிவிப்பு மையமும் இதேபோல ஒரு குழுக் கணக்கை நடத்தி, அதன் சிதறலைக் கொண்டு கண்டதைக் கணக்கோடு சேர்க்கிறது. 2024 செப்டம்பரில் 'அர்கா', 'அருணிகா' என்ற இரு பெரும் கம்ப்யூட்டர்கள் புனேயிலும் நொய்டாவிலும் தொடங்கப்பட்டன. 2025 மே மாதம் 6 கிலோ மீட்டர் பெட்டிகளைக் கொண்ட 'பாரத்' கணக்கு முறை வந்தது.

பழைய காலத்து வானத்தைத் திரும்பக் காணவும் இதே வழி உதவுகிறது. பழைய நிலையங்களும் கப்பல்களும் குறித்து வைத்த காற்றழுத்த அளவுகளை மட்டும் கொண்டு, பலர் கணக்கின் உதவியால், அமெரிக்க விஞ்ஞானிகள் 19ஆம் நூற்றாண்டின் வானிலையை மறுபடியும் வரைந்திருக்கிறார்கள். எவரோ ஒரு குமாஸ்தா, எவரோ ஒரு மாலுமி, நாள் தவறாமல் எழுதிய ஒரு வரி! நூறு ஆண்டு கழித்து அது விளக்காக நிற்கிறது. உலகம் சூடேறி வருவதை அளக்கவும் மழை எப்படி மாறுகிறது என்று பார்க்கவும் இந்தப் பழைய வானம் வேண்டும். காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 7 சதவிகிதம் அதிக ஈரத்தைத் தாங்கும். தாங்கியது ஒரு நாள் கொட்டத்தான் செய்யும்.

வேண்டியவை மூன்று

யந்திரம் பெரிதாகிவிட்டது. பெட்டி சிறிதாகிவிட்டது. அது போதுமா? போதாது. தண்டல் எவ்வளவு கெட்டிக்காரரானாலும் விளக்கு இல்லாத கரையில் தடுமாறுவார்.

முதலாவது, தென்கடலுக்கு விளக்குகள் வேண்டும். காரைக்காலில் டாப்ளர் ராடார் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் இருக்கிறது. காரைக்கால் ராடாருக்கு மன்னார் வளைகுடா வெகு தூரம். தூரம் போகப் போக ராடாரின் பார்வை தரையை விட்டு மேலே போய்விடும். அடியில் உள்ள மேகம் தப்பிவிடும். திருவனந்தபுரம் ராடாருக்கு நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. முத்துக்கும் உப்புக்கும் துறைமுகத்துக்கும் பேர்போன இந்தக் கரையைப் பார்க்கக் கடலிலும் கரையிலும் இன்னும் கருவிகள் வேண்டும். கிராமந்தோறும் மழைமானி வேண்டும். வைத்தால் மட்டும் போதாது. நாள் தவறாமல் படித்து அனுப்ப வேண்டும். தவறான அளவு பனியில் மங்கிய விளக்கு. அளவே இல்லாவிட்டால் அணைந்த விளக்கு.

இரண்டாவது, சந்தேகத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 21 விடைகள் வருகின்றன. அவற்றில் 18 விடைகள் 20 சென்டி மீட்டர் என்று சொல்லி, 3 விடைகள் 50க்கு மேல் என்று சொன்னால், அந்த மூன்றையும் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டாமா? வானிலை அறிக்கையில் 'வாய்ப்பு உண்டு' என்பது போன்ற சொற்கள் இருக்கின்றன. ஆனால் வீடு வந்து சேரும்போது மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் மட்டுமே மிஞ்சுகிறது. 'சிவப்பு' என்பதோடு, 'ஏழில் ஒரு பங்கு இதைவிட மோசமாகலாம்' என்பதும் கலெக்டருக்கும் அணை என்ஜினீயருக்கும் ரயில் அதிகாரிக்கும் போய்ச் சேர வேண்டும்.

ஏழில் ஒன்றுதானே என்று கேட்கலாம். ஏழு மாத்திரையில் ஒன்று விஷம் என்றால் யாராவது வாயில் போடுவார்களா? ஒரு ரயிலை ஓர் இரவு நிறுத்தினால் நஷ்டம் கொஞ்சம். அனுப்பிவிட்டுப் பாதை கரைந்தால் நஷ்டம் 800 உயிர். இழப்பு பெரிதானால் சிறிய வாய்ப்பும் பெரிதுதான்.

மூன்றாவது, கேட்பவர்களுக்கும் பொறுமை வேண்டும். ஏழில் ஒன்று என்று சொன்னால், ஆறு முறை அது நடக்காது. அப்போது 'புலி வருது, புலி வருது' என்ற கதையாயிற்று என்று சிரிக்கக் கூடாது. சிரித்தால், அடுத்த முறை சொல்லவே அஞ்சுவார்கள்.

ஆனால் இந்தப் பொறுமைக்கு விலை உண்டு. அதை யார் கொடுப்பது? 'கடலுக்குப் போகாதே' என்று சொன்னால் புன்னக்காயல் மீனவருக்கு அன்றைய கூலி போகிறது. ஆறு முறை வீணாகக் கரையில் உட்கார்ந்தவர் ஏழாம் முறை கடலுக்குப் போனால் அவரைக் குறை சொல்ல முடியாது. அடுப்பு எரிய வேண்டுமே! எச்சரிக்கை சொல்லும் அரசாங்கம், எச்சரிக்கையை மதித்துக் கரையில் இருந்தவரின் அன்றைய பாட்டுக்கும் வழி செய்ய வேண்டும். சந்தேகத்தின் சுமையை ஏழையின் தோளில் மட்டும் ஏற்றக் கூடாது.

நிலையத்தில் ஒரு விளக்கு

ஸ்ரீவைகுண்டத்தில் தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு நிற்கிறது. அதைத் தாண்டினால் புன்னக்காயலில் கடல்தான். மலையில் பெய்வதும் சமவெளியில் பெய்வதும் இந்த ஊர் வழியாகத்தான் போயாக வேண்டும். வானம் பிசகினால் முதலில் நனைவது இதுபோன்ற கடைமடை ஊர்தான். ஆகவே வானத்தின் கணக்கைத் தெரிந்துகொள்ளும் உரிமையும் இந்த ஊருக்கு உண்டு.

2023 டிசம்பரில் அந்த ரயிலைக் காப்பாற்றியது எது? யந்திர மூளை அல்ல. பாதையின் நிலையைக் கண்ணால் கண்டு, 'இனி ரயில் போகக் கூடாது' என்று ஊழியர்கள் எடுத்த முடிவு. கால அட்டவணை போகச் சொன்னது. கண் நில் என்றது. கண்ணுக்கு அதிக மதிப்புக் கொடுத்தார்கள். கால்மனின் சூத்திரம் சொல்வதும் அதைத்தான்.

அந்தக் கண் கடலுக்கும் வேண்டும். அது கண்டது கணக்கில் சேர வேண்டும். கணக்கில் உள்ள சந்தேகம் மறைக்கப்படாமல் வீடு வந்து சேர வேண்டும். அடுத்த முறை ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நிற்க வேண்டியிருக்காது. திருச்செந்தூரிலேயே, பயணிகள் உலர்ந்த துணியோடு இருக்கும்போதே நின்றுவிடும்.